சத்தமில்லாத நாற்காலி

கிர்ரீ என்று ஓர் இழுவை, சின்னத் தயக்கம், பிறகு டக். இழுவை வந்தால் அக்கா நாற்காலியில் பின்னால் சாய்கிறாள், தயக்கம் என்றால் யோசிக்கிறாள், டக் என்றால் முடிவுக்கு வந்துவிட்டாள். அடுப்படியில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிடும், மரகதம் யாருடைய கணக்கையோ முடித்துவிட்டாள், இனி காப்பி கேட்பாள். டக் வராமல் இழுவை மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் எங்கேயோ கூட்டல் இடிக்கிறது, கிட்டே போகக் கூடாது. என் அக்கா மரகதம் எங்கள் வீட்டு முன்னறையில் மேஜை போட்டு ஊராருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக்கொடுத்தவள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தவள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகும் நாங்கள் அதே வீட்டில் இருந்தோம். அவள் நாற்காலி, ஏதோ ஓர் ஆபீசை மூடியபோது ஏலத்தில் எடுத்தது. தேக்குச் சட்டம், பிரம்பு இருக்கை, அடியில் இரும்புத் திருகு. அந்தத் திருகுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாள், விட்டதில்லை. அந்தச் சத்தம் இப்போது ஏன் வருகிறது, தில்லைநகரில், குளிரூட்டிய கடையில், வாயே திறக்காத இத்தனை நாற்காலிகளுக்கு நடுவில், நான் கண்ணை மூடிக்கொண்டு கால் தரையில் படாமல் உட்கார்ந்திருக்கும்போது. “அம்மா, தூங்கிட்டீங்களா?” கண்ணைத் திறக்கிறேன். கடைக்காரப் பெண். கண்ணை மூடியது அவளுக்குத் தூக்கமாகத் தெரிந்திருக்கிறது. வயதானவர்கள் கண்ணை மூடினால் எல்லோரும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுகிறார்கள்.

“தூங்கலைம்மா. கேட்டுட்டிருக்கேன்.” “என்னத்தைம்மா?” “நாற்காலியை.” சட்டையில் ரெஜினா என்று பெயர்ப்பட்டை. அந்தப் பக்கம் நிற்கும் இன்னொரு பெண்ணிடம் அவள் பார்வை போய்த் திரும்புகிறது, ஒரு சிரிப்பும் கூடவே போய்த் திரும்புகிறது, எனக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறார்கள், கரும்பலகையைப் பார்த்தபடியே பின்வரிசைச் சிரிப்பு யாருடையது என்று சொன்னவள் நான். “சத்தம் போடாத நாற்காலி வேணும். சாஞ்சாலும் வரக் கூடாது, எழுந்தாலும் வரக் கூடாது.” “நம்ம கடையில நாற்காலி எதுவும் பேசாதும்மா, பேசுறது நாங்க மட்டுந்தான்” என்கிறாள். நல்ல பெண். இவளிடம் முழுக்கச் சொல்லலாம். நான் வீட்டிலிருந்தே கதை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன், காதால் கேட்கிற புத்தகங்கள், சென்னையில் ஒரு கம்பெனி. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, பக்கத்து வீட்டுக் குக்கர் அடங்கும்வரை பொறுத்திருந்து, வியர்வையோடு உட்கார வேண்டும். முதலில் அரை நிமிஷம் ஒன்றும் பேசக் கூடாது. அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ரூமுக்கு ரூம் சைலன்ஸ் வேற மேம் என்றாள் நிவேதா, என் பதிவுகளைச் சரிபார்க்கும் பெண். நடுவில் ஓர் இருமலை வெட்டி எடுத்தால் அந்த ஓட்டையை அதே அறையின் மௌனத்தால்தான் அடைக்க முடியுமாம். நாற்பது வருஷம் கவிதை சொல்லிக்கொடுத்தேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மௌனம் முடிந்ததும் குரலின் அளவு பார்க்க ஒரு வாக்கியம் பேச வேண்டும், எதை வேண்டுமானாலும். இன்று திங்கட்கிழமை, மழை இல்லை என்பேன். இன்று செவ்வாய், வெயில் அதிகம் என்பேன். அதற்கு மேல் என்னிடம் வாக்கியம் இருந்ததில்லை.

போன வாரம் நிவேதா கூப்பிட்டாள். “மேம், வாய்ஸ் அருமை. ஆனா பின்னாடி ஒரு கிறீச் சத்தம் வந்துட்டே இருக்கு. அழுகை வர்ற இடமாப் பாத்து வருது மேம்.” அனுப்பிய அத்தியாயங்கள் திரும்பி வந்துவிட்டன. அடுத்த முறையும் அப்படி வந்தால் வேறு குரல் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், சாரி மேம் என்றாள், பாவம், அவள்தான் அழுதுவிடுவாள் போலிருந்தது. வேறு குரல் கிடைக்கும், கிடைக்காமல் என்ன. எனக்குத்தான் பேச வேறு இடம் கிடைக்காது. அந்த வேலை போய்விட்டால் காலையில் பால்காரரிடம் வச்சிட்டுப் போங்க என்று சொன்னதோடு நாள் முடிந்துவிடும், தொண்டையில் பாசி பிடித்துவிடும். சத்தம் வரும் என்று தெரியாமலா அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். சோகமான இடத்தில் சாய்ந்தேனா, சாய்வதற்காகச் சோகமான இடம் வரட்டும் என்று பார்த்திருந்தேனா. கிர்ரீ என்று அது இழுக்கும்போது முன்னறையில் இரண்டு பேர் இருப்பது போலிருக்கும். “இதுல உக்காந்து பாருங்கம்மா, வலைத்துணி, முதுகு வேர்க்காது.” உட்கார்கிறேன். தலை வைக்கும் பகுதி என் தலைக்கு மேலே காற்றில் நிற்கிறது, பின்னால் யாரோ குனிந்து நான் எழுதுவதைப் படிப்பது போல. இந்த நாற்காலிகளை யாருக்காகச் செய்கிறார்கள், எல்லாமே நெட்டை மனிதர்களுக்கு. “கீழ ஒரு பிடி இருக்கு பாருங்க, இழுங்க.” இழுத்தேன். புஸ்ஸென்று மூச்சு விட்டு என்னையும் கொண்டு கீழே இறங்கியது, வயிற்றில் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் போயிற்று, குளியலறையில் அன்றைக்கு வழுக்கியபோது ஆனதே, அதே ஒன்றுமில்லாமை, அன்று வாளியைப் பிடித்துக்கொண்டேன், வாளி கவிழ்ந்தது, எவ்வளவு பெரிய சத்தம், ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை, கேட்க யார் இருந்தார்கள். வாளிதான் உருண்டு உருண்டு ஓய்ந்தது. “இல்லைம்மா, இது மூச்சு விடுது” என்றேன். ரெஜினா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பக்கத்தில் ஓர் இளம் ஜோடி. சிவப்பும் கறுப்புமாக, விமானத்திலிருந்து பிடுங்கி வந்தது போன்ற நாற்காலியில் அவன் சுற்றிக்கொண்டிருக்கிறான். “இதுல உக்காந்து வேலை பாப்பியா, ராக்கெட் விடுவியா?” என்று கேட்கிறாள் அவள். “முதுகு வலிக்குதுன்னு தினம் சொல்றேன்ல.” “உனக்கு உக்காந்தா முதுகு வலி, எழுந்தா சோம்பல். நாற்காலி என்ன பண்ணும்?” சொல்லிக்கொண்டே அவன் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் கையை விட்டு இடைவெளி பார்க்கிறாள். என் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் கை விட்டுப் பார்க்க ஒருத்தி இருந்தாள். செருப்பு வாங்கினாலும் கட்டைவிரலை அமுக்கிப் பார்ப்பாள், கடைக்காரர் முன்னால் எனக்கு மானம் போகும். மரகதம் கிளம்பிப் போய் இரண்டு வருஷமாகிறது. ஓசூர்க்காரர் ஜகந்நாதன், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர், வருஷத்துக்கு ஒருமுறை ஜூலையில் கணக்கு எழுத வருவார், எதிர் நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வார். ஒரு வருஷம் ஜனவரியிலும் வந்தார். கணக்கில் ஒரு சந்தேகம் என்றார். ஜனவரியில் யாருக்கு வரிக் கணக்கில் சந்தேகம் வரும், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் அவருக்கு முறுக்கு எடுத்து வைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் நீளமாக ஓர் இழுவை, டக் வரவேயில்லை. “பிரபா, இங்க வாடி. உக்காரு.” அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். “ஜகந்நாதன் கேக்கிறார். எனக்கும் சரின்னுதான் படுது.” காப்பி போடட்டுமா என்று கேட்டேன். அதுதான் நான் கேட்டது. எழுபதை நெருங்குகிறவள் வெட்கத்தோடு முந்தானையைத் திருகிக்கொண்டிருக்கிறாள், நான் காப்பி போடட்டுமா என்கிறேன். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவாள், சீப்போ துண்டோ மூடி போட்ட ஒரு சம்புடமோ. ஐயையோ மறந்துட்டேனே என்று பஸ்ஸில் ஏறிய பிறகு சொல்வாள், முகத்தில் வருத்தமே இருக்காது. விட்டுட்டு வந்தாத்தான் மறுபடி போக முடியும், என்னோடது அங்க இருந்தா அது என் வீடு மாதிரி என்பாள். நாங்களும் அப்படியே செய்து வளர்ந்தோம். கல்லூரி விடுதியில் ஒவ்வொரு லீவுக்கும் நான் போர்வையை விட்டுவிட்டு வருவேன், வார்டன் திட்டுவார். அதனால் மரகதம் ஓசூருக்குக் கிளம்பியபோது குடை கதவுக்குப் பின்னால் தொங்குவதைப் பார்த்தேன், மூக்குக்கண்ணாடி மேஜை மேல் இருந்தது, பெரிய எழுத்துக் கால்குலேட்டர் அதன் பக்கத்தில், நாற்காலி அதன் இடத்தில். நான் ஒன்றையும் ஞாபகப்படுத்தவில்லை. கார் திரும்பி மறைந்த பிறகு உள்ளே வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அப்படியானால் வருவாள். முதலில் கண்ணாடியைக் கேட்டாள், கூரியரில் அனுப்பினேன். பிறகு கால்குலேட்டர். மழைக்காலத்தில் குடை, அதை ஓசூருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன், ஓசூரில் குடையா கிடைக்காது. நாற்காலி மிச்சமிருந்தது. நாற்காலியை யாராவது கேட்பார்களா. அது முன்னறையில் கிர்ரீ என்று சொல்லிக்கொண்டு இருக்கும்வரை அது அவளுடைய அறை, அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள், அவ்வளவுதான். இன்று காலையில் கேட்டாள். “அந்த நாற்காலியை அனுப்பி வைக்கிறியாடி?” பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு நேரே இங்கே வந்தேன். சத்தமில்லாத ஒன்று நிவேதாவுக்காக வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். புதியது வாங்கினாலும் பழையதைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பதை ஆட்டோவில் முழுக்க யோசித்தேன். இன்னமும் முடிவு செய்யவில்லை. இழுவைதான் வருகிறது, டக் வரவில்லை.

“வீட்டுல பழைய நாற்காலி இருக்காம்மா? எக்ஸ்சேஞ்சுல கொடுத்தா விலையில கழிச்சுக்கலாம்” என்கிறாள் ரெஜினா. “அது கொடுக்கிறதுக்கு இல்லைம்மா. எங்க அக்காவோடது. அதுல உக்காந்துதான் வேலை பாப்பா. முன்னறையில. காலையிலேருந்து விளக்கு வைக்கிறவரைக்கும்.” என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசித்து வாசித்து அது எங்கே தாழ வேண்டும் என்று பழகிவிட்டது, என்னைக் கேட்காமலே தாழ்ந்துவிடுகிறது. ரெஜினாவின் முகம் மாறியது. “எப்பம்மா தவறுனாங்க?” இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கல்யாணமாகிப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். எழுபது வயதிலா என்று கேட்பாள், அந்தப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பாள், நான் மரகதத்துக்காகக் கோபப்பட வேண்டும், எனக்கே அன்று வராத சந்தோஷத்தை அவளுக்காக எடுத்து வைத்துப் பேச வேண்டும். “ரெண்டு வருஷமாச்சு” என்றேன். சொல்லி முடித்த கணத்தில் ஓர் இதம் வந்தது, வெட்கமில்லாத இதம். இறந்தவளுக்காக அழலாம். சௌக்கியமாக இருப்பவளுக்காக அழுகிறவளை என்னவென்று சொல்வார்கள். ரெஜினா குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க அக்காவும் போயிருச்சும்மா. கொரோனாவுல. முகத்தைக்கூடக் காட்டலை, பொட்டலம் மாதிரி கட்டிக் கொண்டு போனாங்க. இன்னிக்கும் அது தைச்சுக் குடுத்த ரவிக்கையை நான் தோய்க்கிறதில்லை. நீங்க அந்த நாற்காலியை யாருக்கும் குடுத்துடாதீங்க.” அவள் கை குளிர்ந்திருந்தது. உண்மையான ஒரு சாவை எடுத்து என் பொய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. இப்போதாவது சொல்லிவிடு, இப்போது சொல்லாவிட்டால் எப்போது, பிரபாவதி, வாயைத் திற.

“இருங்க, உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு” என்று அவளே எழுந்து போய்விட்டாள். மூலையிலிருந்து தூக்கி வந்தாள். சக்கரம் இல்லை, திருகு இல்லை. நாலு மரக்கால், வளைந்த முதுகு, துணி போட்ட இருக்கை, வெற்றிலைப் பச்சை. அப்படியொரு பச்சையை நான் பார்த்து நாளாகிறது. உட்கார்ந்தேன், கால் தரையில் பட்டது. முதுகின் கீழ்ப்பகுதி, எப்போதும் வலிக்கிற அந்த இடம், தன்னை யாரோ ஞாபகம் வைத்திருந்தது போல் தளர்ந்தது. சாய்ந்தேன், ஒன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்தேன், ஒன்றுமில்லை. விலைச்சீட்டை ரெஜினா திருப்பிக் காட்டினாள். என்னால் முடிகிற விலைதான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கண்ணை மூடி இன்னொருமுறை கேட்டேன், சுத்தமான மௌனம், நிவேதா கைதட்டுவாள். அப்போது போன் அடித்தது. பக்கத்திலிருந்த மேஜை மேல் வைத்திருந்தேன். கண் தெரியவில்லை என்று எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன், திரை முழுக்க ஒரே சொல், அக்கா. கூடவே அவள் படம், கல்யாணத்தன்று எடுத்தது, கழுத்தில் மாலை, வாயெல்லாம் பல். எனக்கு முன்னால் ரெஜினா பார்த்துவிட்டாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது. “எடுங்கம்மா” என்றாள். குரலில் ஒன்றுமில்லை.

“எங்கடி இருக்கே? காலையில பேச்சை முடிக்காம வச்சுட்டே.” “கடையில. நாற்காலி வாங்க வந்தேன்.” “நீயா? செருப்பே நான்தானே வாங்கித் தருவேன். ஆட்டிப் பாத்தியா?” “ஆட்டினேன்.” “என்ன கலர்?” “பச்சை.” “பச்சையா? எதுக்கு, கிளி வளக்கப் போறியா? சரி சரி, நல்லாத்தான் இருக்கும். என்னோடதை அனுப்பிடுவேதானே? இங்க ரெண்டு பேர் கணக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. இவங்க வீட்டு நாற்காலியெல்லாம் மெத்து மெத்துன்னு ஆளையே விழுங்குது, ஒரு கூட்டலும் நேரா வரலை.” பின்னால் ஓர் ஆண் குரல் என்னவோ சொல்ல, “நீங்க சும்மா இருங்க, என் தங்கச்சிகூடப் பேசுறேன்” என்றாள். அவள் குரலில் ஒரு புது இழுவை, அங்கே கற்றுக்கொண்டது. ரெஜினா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பச்சை நாற்காலியின் காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரித்துக்கொண்டிருந்தாள், மெதுவாக, சத்தம் வராமல். “அதையும் அனுப்பிட்டா, நீ வந்தா எதுல உக்காருவே?” என்று கேட்டேன். ரொம்ப நாளாக வைத்திருந்த கேள்வி இவ்வளவு சின்னதாகவா இருக்கும். அந்த முனையில் பேச்சு நின்றது. ஓசூர் வீட்டின் மௌனம் கேட்டது, குழாய் சொட்டுவதும் தூரத்தில் ஒரு லாரியும், எங்கள் வீட்டு மௌனம் அது இல்லை. “பிரபா. பாக்க வருவேன்டி, பொங்கலுக்கு வருவேன். ஆனா இருக்கிறதுக்கு இனி அங்க வரமாட்டேன். உனக்குத் தெரியும்தானே?” “தெரியும்.” “தெரிஞ்சுக்கிட்டே கேக்கிறியே. அழறியா?” “கடையில ஏசி. மூக்கு ஒழுகுது.” “பொய்” என்றாள். “இன்னிக்கே அனுப்பறேன்” என்றேன். டக்.

போனைப் பையில் வைத்தேன். ரெஜினா உரித்த பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “அக்காவா?” என்றாள். “அக்காதான்.” “நல்லா இருக்காங்களா?” எளிய கேள்வி. அவள் அக்காவைப் பற்றி அவளிடம் யாரும் இனிக் கேட்க முடியாத கேள்வி. நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். “பில் போடுங்கம்மா” என்றேன். அவள் போட்டாள். கொண்டு போகிற வண்டி திரும்பும்போது பழைய நாற்காலியை ஏற்றிப் பார்சல் ஆபீசில் போட முடியுமா என்று கேட்டேன். “எந்த ஊருக்கும்மா?” “ஓசூருக்கு.” சரி என்று தலையை ஆட்டினாள். கதவு வரை வந்து என் பையை எடுத்துக் கொடுத்தாள். படியில் பார்த்து இறங்கச் சொன்னாள்.

வண்டிக்காரர் வீட்டில் பச்சை நாற்காலியை இறக்கிவிட்டு அக்காவின் நாற்காலியைத் தூக்கியபோது அது வாசல் வரைக்கும் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. “எண்ணெய் விடலையாம்மா?” என்றார். “விட வேண்டாம், அப்படியே போகட்டும்” என்றேன். தரையில் அது நின்ற இடத்தில் இரும்புக்கால் தேய்த்த வட்டம் இருக்கிறது, அதன் மேல் பச்சை நாற்காலியைப் போட்டேன், வட்டம் முழுக்க மறையவில்லை. போர்வையைக் கட்டினேன். மின்விசிறியை நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் இன்னும் குக்கர் வைக்கவில்லை. மைக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அரை நிமிஷம். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பதிவு செய்ததெல்லாம் இந்த அறையின் மௌனம் இல்லை போலிருக்கிறது, இப்போதுதான் இது முதல் முறையாகப் பதிவாகிறது. ஒரு பெரிய மரப்பெட்டியின் உள்பக்கம் போல. அதன் நடுவில் நான் சாய்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சாய்ந்தேன். இனி யாராவது எங்கேயாவது நான் வாசிக்கிற கதையில் அழுதால் நிவேதாவுக்கு என் குரல் மட்டும்தான் கேட்கும். அரை நிமிஷம் முடிந்தது. குரலின் அளவு பார்க்க ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை என்று தொடங்கப் போனேன். அது வரவில்லை. ரெஜினாவுக்குச் சொல்லாமல் விட்டது வந்தது. அதையே சொன்னேன், தெளிவாக, தாழாமல், மைக்குக்கு நேரே.

என் அக்கா ஓசூரில் நன்றாக இருக்கிறாள்.